‘வீரை’ என்று சொன்ன ஐயா: வன்னியில் ஒரு மாணவர் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பேச்சு மொழி சிகிச்சை படிக்கும் இரண்டு இறுதியாண்டு மாணவிகள், வன்னியில் நான் வேலை செய்த வைத்தியசாலைக்கு ஆறு வாரப் பயிற்சிக்காக வந்தார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஒருவரைப் பற்றியும், அந்த வேலையை நான் மேற்பார்வை செய்த விதத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நடுவில் ஒரு பிழை நடந்தது. அதில் பெரிய பங்கு என்னுடையது. குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இடமும் ஆட்களும்

வன்னி என்று நாங்கள் சொல்லும் பெருநிலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு மாவட்டங்களும் அடங்கும். ஏ9 வீதியோரம் இருப்பவருக்கு கிளினிக் வருவது பெரிய காரியம் இல்லை. வீதியை விட்டு உள்ளே போகப் போக பஸ் குறையும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்றிருக்கும் ஊர்களிலிருந்து வருபவர்கள் விடியப் புறப்பட்டு, கூட வருபவரின் ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு வருகிறார்கள். இங்கே வேலை செய்யும் எவரும் “கிழமைக்கு ரெண்டு தரம் வாங்கோ” என்று யோசிக்காமல் சொல்ல முடியாது. ஒரு தடவை வந்தால் அந்த ஒரு தடவையிலேயே உருப்படியாக ஏதாவது நடக்க வேண்டும்.

ஐயா முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். அறுபது வயது தாண்டியவர். இடப்பக்க மூளையில் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் சோர்ந்து, பேச்சும் போயிருந்தது. சொல்வது ஓரளவு விளங்கும். ஆனால் வாயில் வருவது ஒற்றைச் சொல், அதுவும் தேடித் தேடி. தேத்தண்ணி குடித்தால் இருமுவார். வாட்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்பிய பிறகு மனைவிதான் அவரைக் கிளினிக்குக் கூட்டி வந்தார்.

மாணவிகளில் ஒருவர் கொழும்பைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861இல் விவரித்த, ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் சொல்ல முடியாமல் போன மனிதரிலிருந்து தொடங்கி, அபேசியா (மூளைப் பாதிப்பால் மொழி குலைவது) வகைகளைப் படம் வரைந்து விளக்கக் கூடியவர். மற்றவர் குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. தமிழில் வணக்கமும் பத்துப் பதினைந்து சொல்லும் தெரியும். ஐயாவைச் சோதிக்கும் பொறுப்பைக் கொழும்பு மாணவியிடம் கொடுத்தேன். குருநாகல் மாணவியை மூலையில் இருத்தி, கொப்பி ஒன்றைக் கொடுத்து, “பார்க்கிறதை எழுதுங்கோ” என்றேன். உண்மையைச் சொன்னால், அவரைச் சும்மா இருக்க விடக் கூடாது என்பதற்காகக் கொடுத்த வேலை அது.

முதல் அறிக்கை

சோதனைக்கு இருபது படங்கள். அறையில் நான் இருக்கவில்லை. போனில் எடுத்த வீடியோ இருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை. அறிக்கை மறுநாளே வந்தது: இருபதில் ஆறு சரி. மரத்தின் படத்துக்கு ஐயா சொன்னது ‘பொருளற்ற புதுச்சொல்’. நெற்கதிருக்குச் சொன்னதும் அப்படியே. நாற்காலிப் படத்துக்கு, முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தும் பதில் இல்லை. ‘பழம்’ என்பதில் உச்சரிப்புத் திரிபு. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டபோது முதலில் நாலு விரல், பிறகு இரண்டு விரல். ஆகவே எண்ணிக்கையில் தடுமாற்றம், கேள்விகளுக்கான பதில்கள் நம்பத்தக்கவை அல்ல. முடிவு, கடுமையான அபேசியா.

நல்ல ஆங்கிலம், ஒழுங்கான பந்தி பிரிப்பு. எழுதியவர் தமிழ்ப் பிள்ளை. கிளினிக் நிரம்பி வழிந்த நாள் அது. வாசித்துக் கையெழுத்து வைத்தேன்.

மூலையில் இருந்த கொப்பி

மூன்று நாள் கழித்துக் குருநாகல் மாணவி தன் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். எழுதியிருந்தது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், ஆனால் மெதுவாகத்தான். அந்த மெதுவே உதவியது என்று இப்போது நினைக்கிறேன். வரி வரியாகப் போக வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது படம் பற்றி அவர் எழுதியிருந்தது இது: இடக்கையால் யன்னலுக்கு வெளியே காட்டினார். ஒரு சொல் சொன்னார். திரும்பவும் அதே சொல். இரண்டு தரமும் ஒரே மாதிரி இருந்தது.

பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு: நாலு விரல். அம்மா கீழே பார்த்தார். ஐயா அம்மாவைப் பார்த்தார். இரண்டு விரலை மடக்கினார்.

இதை வாசித்தபோது நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். வன்னியில் வேலை செய்யும் எவருக்கும் அந்த இரண்டு விரல் விளங்கும். இந்த மண்ணில் ‘பிள்ளைகள் எத்தனை பேர்’ என்பது 2009இல் யுத்தம் முடிந்த பிறகு படிவத்தில் நிரப்பிவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே கேட்கச் சொல்லி மாணவியின் கையில் படிவத்தைக் கொடுத்தவள் நான்.

அடுத்த கிளினிக்குக்கு அவர்கள் வந்தபோது அம்மாவை வெளியே தனியாகக் கண்டு, நானே கேட்டேன். “நாலு பேர் பிள்ளை. ரெண்டு பேர் இருக்கினம்” என்றார். வேறொன்றும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐயாவின் எண்ணிக்கையில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஒரு கேள்விக்கு இருந்த இரண்டு உண்மையான பதிலையும், ஒரு சொல்லும் வராத நிலையில், கையால் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

சத்தமில்லாமல் பார்த்த வீடியோ

அன்று பின்னேரம் மூவரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன். சொல் கேட்டால் கொழும்பு மாணவி உடனே சரி பிழை போடத் தொடங்குவார் என்று எனக்குத் தெரியும். சத்தம் இல்லாவிட்டால் அவருக்கும் குருநாகல் மாணவிக்கும் ஒரே அளவுதான் தெரியும்.

பன்னிரண்டாவது படத்தில் நிறுத்தினேன். ஐயாவின் கை யன்னல் பக்கம் நீண்டிருந்தது. அந்த யன்னலுக்கு வெளியே, மதிலோரம், காடு வெட்டும்போது விட்டுவைத்த ஒரு மரம் நிற்கிறது.

“அது என்ன மரம்?” என்று கேட்டேன்.

“மரம்தானே மிஸ்...”

“அது வீரை.”

சத்தத்தைக் கூட்டி அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். ஐயா தெளிவாக, இரண்டு தரம், ‘வீரை’ என்கிறார். பிள்ளை வாயில் கைவைத்துக்கொண்டார். வீரையும் பாலையும் முதிரையும் இந்தக் காட்டுக்காரருக்கு அன்றாடச் சொற்கள். கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவருக்கு அவை காதில் விழுந்தே இராது. அதில் அவருடைய குற்றம் எதுவும் இல்லை. நெற்கதிரைப் பார்த்து ஐயா சொன்னது ‘மொட்டை... கறுப்பன்’. அது நெல்லினத்தின் பெயர். வயல்காரர் நெல்லைப் பார்த்து ‘நெல்’ என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது? கேட்ட கேள்விக்கு மேலான பதிலைச் சொன்னவருக்கு நாங்கள் பூச்சியம் போட்டிருக்கிறோம்.

ஒரு மருத்துவக் குறிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அபேசியாவில் வரும் பொருளற்ற சொற்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். ஒரே படத்துக்கு ஒரே சொல் மாறாமல் திரும்பி வந்தால், அது எங்களுக்குத் தெரியாத உண்மையான சொல்லாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். தமிழ் தெரியாத பிள்ளை ‘இரண்டு தரமும் ஒரே மாதிரி’ என்று எழுதி வைத்திருந்தது அதற்கான தடயம்.

நாற்காலிப் படத்தில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விடைத்தாளில் ‘நாற்காலி’ என்று அச்சிட்டிருந்தது. வீடியோவில் ஐயா ‘க... க...’ என்று தொடங்குகிறார். இரண்டு செக்கன்கூட ஆகவில்லை, மாணவி ‘நா...’ என்று எடுத்துக் கொடுக்கிறார். ஐயா குழம்பிப்போய் நிறுத்திவிடுகிறார்.

“உங்கட வீட்டில இதை என்னெண்டு சொல்லுவீங்கள்?”

“கதிரை, மிஸ்.”

சொல்லிவிட்டு அவரே அமைதியாகிவிட்டார். சொல் கிடைக்காமல் தவிப்பவருக்கு முதல் ஒலியை எடுத்துக் கொடுப்பது நல்ல உத்திதான். ஆனால் அது அவருடைய சொல்லின் முதல் ஒலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வந்துகொண்டிருந்த சொல்லை நாங்களே அடித்து விரட்டுகிறோம். தன் வீட்டில் ‘கதிரை’ என்று பேசும் பிள்ளை, சோதனைக்கு உட்கார்ந்ததும் தாளில் இருந்த தமிழுக்கு மாறிவிட்டார். ‘பழம்’ பற்றிய குறிப்பும் அப்படித்தான். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் எங்களில் பெரும்பாலானோர் ழகரத்தை ளகரமாகவே சொல்லுகிறோம். ஐயாவின் ‘பளம்’ பாரிசவாதம் கொடுத்தது இல்லை, ஊர் கொடுத்தது. மாணவியும் அப்படியே சொல்லுகிறார், நானும் சொல்லுகிறேன்.

இருபது படத்தையும் திரும்பப் புள்ளியிட்டோம். ஆறு, பதினொன்றானது. அபேசியா இல்லை என்று ஆகிவிடவில்லை. மிச்ச ஒன்பதில் உண்மையான சொல் தேடலும், பொருள் நெருங்கிய பிழைகளும் இருந்தன. கத்திக்கு ‘மண்வெட்டி’ என்றார், மாட்டுக்கு ‘பால்’ என்றார். ஆனால் ‘கடுமை’ என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. சிகிச்சை எங்கே தொடங்குவது என்பதும் முழுக்க மாறியது.

நான் விட்ட இடம்

பேச்சு சிகிச்சை மேற்பார்வையைப் பற்றி 1988இல் எழுதிய ஜீன் அண்டர்சன், அதை ஒரு தொடர் பயணமாகக் காட்டினார். தொடக்கத்தில் மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பார், நடுவில் இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள், கடைசியில் மாணவர் தன்னைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வார். ஒரே மாணவர் ஒரு வேலையில் முன்னேயும் இன்னொன்றில் பின்னேயும் இருக்கலாம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும், மொழி ஒன்றுதான் என்ற நம்பிக்கையில், கொழும்பு மாணவியை முதல் கிழமையிலேயே கடைசிக் கட்டத்தில் நிறுத்திவிட்டேன். சிங்கள மாணவிக்கு வன்னி அந்நியமாக இருக்கும் என்று யோசித்தேன். தமிழ் மாணவிக்கும் அப்படியே இருக்கும் என்று யோசிக்கவில்லை. 2009இல் அவர் கொழும்பில் சின்னப் பிள்ளை. இங்கே நடந்ததை அவர் கேள்விப்பட்டிருப்பார், ஆனால் அதோடு வாழ்பவர்களோடு அவர் ஒருபோதும் பழகியதில்லை.

இன்னொன்று, நான் மாணவர்களோடு கலந்துரையாடுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். படிவம் ஆங்கிலம், படிப்பு ஆங்கிலம், ஆகவே பேச்சும் ஆங்கிலம். ‘நியோலோஜிசம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கும் சரி, அவருக்கும் சரி, விஷயம் முடிந்துவிடும். அதையே தமிழில் சொல்லச் சொன்னபோது, “ஐயா சொன்னது ஒரு சொல்லே இல்லை” என்று சொல்ல வேண்டி வந்தது. அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. தமிழில் பேசியிருந்தால் அந்த அறிக்கை முதல் நாளே நின்றிருக்கும். அதன் பிறகு நோயாளியைப் பற்றிய பேச்சைத் தமிழிலும், குருநாகல் மாணவிக்காகச் சிங்களத்திலும் வைத்துக்கொண்டோம். நேரம் இரட்டிப்பானது. பரவாயில்லை.

கொழும்பு மாணவி அன்று நிறைய அழுதார். ஐயாவிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய மனப்பாரத்தை இறக்கிவைக்கும் இடம் அந்தக் குடும்பம் இல்லை. ஏற்கெனவே நிறையச் சுமக்கிறவர்கள் அவர்கள். “போய், திரும்பக் கேளுங்கோ. இந்த முறை பொறுத்துக் கேளுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அந்த அழுகையை நான் பிழையாக எடுக்கவில்லை. கல்லாக இருந்துவிட்டுப் போகும் மாணவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

வரலாறு கேட்கும் படிவத்தில் அந்தக் கேள்வியை மாற்றினோம். இப்போது “வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்கிறோம். சொல்ல விரும்புகிறவர்கள் அதற்கு மேல் தாங்களாகவே சொல்லுகிறார்கள்.

திரும்பத் தொடங்கியது

புதிய படங்களை ஐயாவின் மகன்தான் போனில் எடுத்துத் தந்தார்: வரம்பு, மாட்டுப்பட்டி, லாண்ட்மாஸ்டர், உரப்பை, கிணறு, குளக்கட்டு, வீட்டு வாசலில் நிற்கும் பாலை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஐயாவின் வீட்டில் வழங்கும் சொல்லை அம்மாவிடம் கேட்டு மாணவி எழுதினார். சொல் வராதபோது, அது எங்கே இருக்கும், எதற்கு உதவும், எப்படி இருக்கும் என்று சுற்றிவர நடந்து சொல்லை நெருங்கும் முறையில் பயிற்சி. பொறுப்பதுதான் பிள்ளைக்குக் கஷ்டமாக இருந்தது. மேசைக்குக் கீழே விரலை மடக்கிப் பத்து எண்ணும்வரை வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். நானும் பின்னால் இருந்து அதையே எண்ணினேன். எனக்கும் அது லேசாக இருக்கவில்லை. அவர் திணறும்போதெல்லாம் என் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது.

ஒருநாள் பாலைப் படத்தை வைத்தார். ஐயா பார்த்தார். எட்டு, ஒன்பது. அப்புறம் இடக்கை விரல் இரண்டையும் உதட்டில் வைத்து, பசை ஒட்டியதுபோல் இழுத்துக் காட்டினார். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அந்தப் பால் உதட்டில் ஒட்டும். பிள்ளை பொறுத்திருந்தார். “பா... பாலை. பளம்” என்றார் ஐயா. சரி என்று போட்டார், பக்கத்தில் எந்தக் குறிப்பும் எழுதவில்லை.

விழுங்கும் பிரச்சினையைக் குருநாகல் மாணவியிடம் ஒப்படைத்தேன். விழுங்குவதை எக்ஸ்-கதிர் வீடியோவில் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே இருமல், குரலில் ஈரம், மூச்சு, காய்ச்சல் ஆகியவற்றைக் கவனித்துத்தான் முடிவெடுத்தோம். தேத்தண்ணியின் பதத்துக்கு இருமியவர், சற்றுத் தடித்த திரவத்துக்கு இருமவில்லை. திரவத்தையும் உணவையும் 0 முதல் 7 வரை பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் அது இரண்டாம் நிலை. கடையில் விற்கும் தடிப்பாக்கும் மாவை மாதாமாதம் வாங்க அந்தக் குடும்பத்தால் முடியாது. வீட்டில் இருப்பது கஞ்சி.

சரி, அந்தக் கஞ்சி இரண்டாம் நிலைதானா? 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து, பத்துச் செக்கன் திறந்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. எல்லாச் சிரிஞ்சும் இதற்கு உதவாது. பூச்சியத்திலிருந்து 10 மில்லிக் கோடு வரை 61.5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். பிள்ளை அடிமட்டத்தால் அளந்து, வாட்டில் இருந்தவற்றில் பொருந்தியதைத் தேடி எடுத்தார்.

அம்மா வீட்டிலிருந்து சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சி கொண்டுவந்தார். வடித்து, சோற்றுப் பருக்கை நீக்கியது. தண்ணியும் பருக்கையும் கலந்திருந்தால் விழுங்க இன்னும் கஷ்டம். சூட்டோடு ஊற்றியபோது 3 மில்லி மிஞ்சியது, போதாது. அரை மணித்தியாலம் ஆறவிட்டபோது 6 மில்லி. ஐயா பாதி குடித்த பிறகு, அதே கோப்பையில் மிஞ்சிய கஞ்சியைப் பிள்ளை திரும்ப எடுத்து அளந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்தது அது. 2 மில்லிதான் மிஞ்சியது. கரண்டி வாய்க்கும் கோப்பைக்கும் போய் வரும்போது உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் கஞ்சியின் மாப்பொருளை உடைத்துவிடுகிறது. தொடக்கத்தில் பாதுகாப்பாக இருந்த கஞ்சி, கடைசிக் கரண்டியில் தேத்தண்ணியின் பதத்தை நெருங்கிவிடுகிறது.

அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு வேலை இருக்கவில்லை. “எச்சில் பட்டால் கஞ்சி நீர்த்துப் போகும் பிள்ளை, தெரியாதே?” என்று மாணவியைப் பார்த்துக் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். பிள்ளை சிரித்துக்கொண்டே, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கான அறிவுரையில் எழுதியது: வடிகஞ்சியை ஆறவிட்டு, சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கோ. வாய்க்குப் போன கரண்டியைப் பெரிய பாத்திரத்தில் விட வேண்டாம்.

ஆறு வாரம் முடிந்தபோது

ஐயாவின் பேச்சு இன்னும் ஒற்றைச் சொல்லாகவே இருந்தது, சில வேளை இரண்டு சொல். வீட்டுப் படங்களில் பெரும்பாலானவற்றைப் பொறுத்திருந்தால் சொல்லிவிடுவார். அவசரப்படுத்தினால் வராது. அம்மாவும் மகனும் பொறுக்கப் பழகியிருந்தார்கள். காய்ச்சல் வரவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக் வரச் சொன்னோம், விழுங்குவதை மூன்று மாதத்தில் திரும்பச் சோதிப்பது என்று வைத்தோம்.

கொழும்பு மாணவியின் மதிப்பீட்டுப் படிவத்தில் முதல் அறிக்கையைப் பற்றி எழுதினேன். அதை நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்பதையும் அதே பெட்டியில் எழுதினேன். மாணவியின் புள்ளியை மட்டும் குறைத்துவிட்டு என் பெயரைத் துப்புரவாக வைத்திருக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்து வந்த சோடி மாணவர்களுக்கு, முதல் இரண்டு நோயாளிகளோடும் நானே அறையில் இருந்தேன். வந்த முதல் நாள் ஐயாவின் ஃபைலைத்தான் கையில் கொடுத்தேன். அதன் மேல், கொழும்பு மாணவி தன் கையெழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள் இருந்தது. ஐயாவின் சொற்கள் என்று தலைப்பிட்டு நாற்பத்திரண்டு சொற்கள். சொற்பட்டியலுக்குக் கீழே, குருநாகல் மாணவி தட்டுத்தடுமாறித் தமிழில் எழுதிய ஒரு வரி: கையையும் பாருங்கோ.